அத்தியாயம் 14: அவள் பெயரில் ஓடியது

கோபித்துக்கொண்டு போன தங்கை திரும்பி வந்து சிரித்துவிட்டால், ஓர் அக்காவுக்கு அதைவிடப் பெரிய நிம்மதி என்ன இருக்கிறது? கல்யாண வேலையை யார் முன்னின்று பார்ப்பது என்று தொடங்கி, அம்மாவின் கடைசி நாட்களில் யார் பக்கத்தில் இருந்தது என்பது வரை நீண்டுபோன சண்டை, எப்படியோ அடங்கிவிட்டது. சனிக்கிழமை காலை, தேக்காவில், சிராங்கூன் ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் மாடியில் கவிப்ரியா கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தக் கலர் என்னைக் கறுப்பாக் காட்டுதா?"

"மாம்பழக் கலர் உனக்குத்தாண்டி. அம்மா இருந்திருந்தா இதைத்தான் எடுத்திருப்பாங்க."

சொன்ன பிறகுதான் தாரணிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அம்மா சரஸ்வதி போய் வருடம் திரும்பிவிட்டது. ஆனாலும் அந்தப் பெயரை எடுத்தால் எந்தப் பக்கம் காற்றடிக்கும் என்று சொல்ல முடியாது. நல்ல வேளை, கவிப்ரியா முந்தானையை விரித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

மாடிப்படி ஓரத்து நாற்காலியில் கவிப்ரியாவைக் கட்டிக்கொள்ளப் போகும் மாப்பிள்ளை நிதீஷ் போனில் மூழ்கியிருந்தான். அடுத்த மாதம் கல்யாணம். மார்சிலிங் வீட்டிலிருந்து இருவரையும் காரில் கொண்டுவந்து சேர்த்தவன் அவன்தான். அப்பா வரவில்லை. "முட்டி வலிக்குதும்மா, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

தாரணியின் போன் அடித்தது. அலுவலகத்திலிருந்து யும்னா. தாரணியின் மேலதிகாரி. சனிக்கிழமையில் கூப்பிடுகிறவள் அல்ல.

"தாரணி, லீவுல இருக்கீங்க, சாரி. இப்ப நீங்க எதையாச்சும் ரன் பண்றீங்களா?"

"இல்லையே. நான் தேக்காவுல சேலைக் கடையில நிக்கிறேன்."

அந்தப் பக்கம் யும்னா எதையோ வேகமாகத் தட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப உங்க பேருல ஓடுறது யாரு?"

தாரணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

சாங்கியில் ஒரு விமானச் சரக்குக் கிடங்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எடை பார்க்கும் கணினி, லேபிள் அச்சடிக்கும் கணினி, குளிரறையின் வெப்பநிலையைக் கவனிக்கும் கணினி என்று கிடங்கு முழுக்கப் பரவிக்கிடக்கும் அத்தனையிலும், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே அவளால் ஒரு புரோகிராமை ஓடவைக்க முடியும். அந்தக் கணினிகள் கேட்பது ஒரே கேள்விதான்: நீ யார்? தாரணி என்ற பெயரும் அதற்குரிய கடவுச்சொல்லும் வந்தால் கதவைத் திறந்துவிடும். வந்திருப்பவள் தாரணிதானா என்று முகத்தைப் பார்ப்பதில்லை.

"என்ன பண்ணுது அது?" என்றாள்.

"எல்லா மெஷின்லயும் ஆன்டிவைரஸை நிறுத்திட்டு, சும்மா உக்காந்திருக்கு. அந்த 'சும்மா'தான் எனக்குப் பயமா இருக்கு. உங்க அக்கவுண்ட்டை முடக்கினா உள்ள வந்தவனுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா, வச்சிருக்கறதை உடனே தட்டி விட்டுடுவானோன்னு தொடாம வச்சிருக்கேன். வாங்க தாரணி. சீக்கிரம்."

நிதீஷ் எழுந்து நின்றிருந்தான். "என்னக்கா, ஆபீஸா? நான் கொண்டுபோய் விடுறேன். டாக்சிக்கு நின்னா லேட்டாயிடும் லா."

"கவி, நீ சேலையை எடுத்துட்டு எம்ஆர்டி ரயில்ல வீட்டுக்குப் போயிடு. மன்னிச்சுக்கோடி."

கவிப்ரியா தோளிலிருந்த பட்டை மெதுவாக இறக்கினாள். "எப்பவுமே உனக்கு வேலைதான்கா." கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அதிகம் வலித்தது.

 காரில், தன் கடவுச்சொல்லை எங்கே, எப்போது அடித்தோம் என்று தாரணியின் மனம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நிதீஷ்தான் ஓரிரு முறை கேட்டான். "பெரிய பிரச்சினையா அக்கா? யாருன்னு கண்டுபிடிச்சிட முடியுமா?"

"தெரியல நிதீஷ். போய்ப் பாத்தாத்தான்."

யும்னாவின் அறையில் ஏர்கான் குளிரிலும் அவளுக்கு நெற்றி வியர்த்திருந்தது. திரையைத் தாரணி பக்கம் திருப்பினாள்.

"நேரம் வச்சிருக்கான். மதியம் ஒரு மணி."

சாப்பாட்டு நேரம். ஷிஃப்ட் மாறும் நேரம். கிடங்கில் ஆள் குறைவாக இருக்கும் நேரம். ஒரு மணி அடித்ததும் அந்தப் புரோகிராம் விழித்துக்கொண்டு ஒவ்வொரு கணினியிலும் இருப்பதையெல்லாம் பூட்டிவிடும். எந்தப் பெட்டி எந்த விமானத்துக்கு என்று யாருக்கும் தெரியாமல் போகும். குளிரறையில் இன்று மாலை ஏற வேண்டிய புற்றுநோய் மருந்துப் பெட்டிகள் இருந்தன. குளிர் குறைந்தால் எச்சரிக்கும் கணினியும் இந்தக் கூட்டத்தில் ஒன்று.

"டைரக்டர் கூப்பிடுறாரு. பேசிட்டு வந்துடுறேன். எங்கேருந்து உள்ள வந்திருக்கான்னு பாருங்க" என்று யும்னா போனோடு வெளியே போனாள்.

தாரணி தேடினாள். கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. வெளியிலிருந்து நிறுவனத்துக்குள் வந்து இன்னும் திறந்தே கிடந்தது ஓர் இணைப்பு. அதன் எதிரே, புறப்பட்ட கணினியின் பெயர்.

MARUTHAPPAN.

ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். மருதப்பன். அப்பாவின் பெயர்.

அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில், வீட்டிலிருந்தே வேலை பார்க்க நிறுவனம் அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தது. ஹாலில் இருந்த அப்பாவின் கணினியிலிருந்துதான் அவள் கிடங்குக்குள் நுழைவாள். அம்மா போன பிறகு அந்த அனுமதியைத் திரும்ப எடுக்க நிறுவனத்திலும் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அந்தக் கணினியில் அவள் சேமித்துவைத்த கடவுச்சொல்லோடு, அந்த வழி அப்படியே கிடந்திருக்கிறது.

பதிவில் ஒரே ஒரு வரி. அதை எப்படி அழிப்பது என்று அவளுக்குத் தெரியும். யும்னா கதவுக்கு வெளியே முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த வரி இல்லாவிட்டால் யாரோ ஒரு திருடன், எங்கோ ஓர் ஊர். இருந்தால் மார்சிலிங், அப்பா, போலீஸ், வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துக் கண்கள். கல்யாண வீடு வேறு.

விரல்கள் விசைப்பலகைமேல் கிடந்தன. அவை தன் விரல்கள் போலவே இல்லை.

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"யும்னா, உள்ள வாங்க. இது எங்க வீடு."

யும்னா திரையைப் பார்த்தாள். பிறகு தாரணியை. பல வருடம் சேர்ந்து வேலை பார்த்த ஒருத்தியை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"வீட்டுல யாரு இருக்கா?"

"அப்பா மட்டும்தான். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. பழைய பாட்டு கேப்பாரு, அவ்வளவுதான் அவருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும். யாரோ அவரை ஏமாத்தி அதுக்குள்ள உக்காந்திருக்கான்."

"இணைப்பை வெட்டிடுறேன்."

"வெட்டணும். ஆனா வெட்டின உடனே, மாட்டிக்கிட்டோம்னு அவனுக்குத் தெரியும். எங்க வீட்டுக் கம்ப்யூட்டரை மொத்தமா அழிச்சிட்டுப் போயிடுவான். அப்புறம் இதைச் செஞ்சது நான் இல்லன்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணுமே இருக்காது."

யும்னா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒரு போன். அப்பா ஒயரைப் பிடுங்குற அதே நேரத்துல நீங்க இங்க வெட்டுங்க."

இரண்டு தடவை முழுக்க அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தபோதுதான் அப்பா எடுத்தார்.

"தாரணியா? அப்புறம் பேசுறேம்மா. வீட்டுப் போன்ல தம்பி லைன்ல இருக்காரு."

"எந்தத் தம்பி?"

"கம்ப்யூட்டர் தம்பி. முடிஞ்சதும் உங்க ரெண்டு பேருக்கும் சொல்லலாம்னு இருந்தேன்." குரலில் அடக்க முடியாத குதூகலம். "அம்மா பேசினது பாடினதெல்லாம் பழைய டிஸ்க்ல மாட்டிக்கிட்டுத் திறக்கவே மாட்டேங்குதுல்ல? அதை மீட்டுத் தர்றாரும்மா. எங்கேயோ இருந்துகிட்டு நம்ம கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறாரு. மவுஸ் அதுவா நகருது! நீ ஆபீஸ்ல செய்வேன்னு சொல்லுவியே, அதே மாதிரி."

ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த யும்னா கண்ணை மூடித் திறந்தாள்.

"அப்பா, நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. அவர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. கம்ப்யூட்டர் பின்னாடி நீலக் கலர் ஒயர் ஒண்ணு சுவத்துப் பக்கம் போகுதுல்ல? அதைப் பிடுங்குங்க. சுவிட்சைத் தொடாதீங்க. ஒயர் மட்டும்."

"இப்பவா? பாதிக்கு மேல வந்துடுச்சும்மா. ஸ்கிரீன்ல கோடு நகருது பாரு. நடுவுல தொட்டா எல்லாம் போயிடும்னு சொல்லியிருக்காரு. உங்கம்மா குரலும்மா!"

"அப்பா... அவன் மீட்டுத் தரலப்பா. திருடுறான்."

 அப்பாவுக்குப் பின்னால் இன்னொரு குரல் சன்னமாகக் கேட்டது. வீட்டுப் போனும் ஸ்பீக்கரில்தான் இருந்தது போலிருக்கிறது. நல்ல தமிழ். பாசமான குரல். "ஐயா, யாரு கூப்பிடுறாங்க? அதை வச்சிடுங்கய்யா. ஸ்கிரீன்ல ரீஸ்டார்ட்னு வரும், சரின்னு அமுக்குங்க."

"தாரணி," அப்பா குரலைத் தாழ்த்தினார், "நல்ல பையன்மா. தினமும் சாப்பிட்டீங்களான்னு கேப்பான்."

 தினமும். இந்த ஒரு மாதத்தில் அந்தக் கேள்வியை அவள் எத்தனை தடவை அப்பாவிடம் கேட்டிருப்பாள்?

"சரின்னு மட்டும் அமுக்கிடாதீங்கப்பா. ஒயரைப் பிடுங்குங்க. கெஞ்சிக் கேக்குறேன். அம்மா குரல் அந்த டிஸ்க்ல இன்னும் இருந்தா, இப்ப பிடுங்கினாத்தான் மிஞ்சும்."

"சத்தியமா மிஞ்சுமா?"

சத்தியம் செய்ய அவளால் முடியவில்லை. "தெரியலப்பா. ஆனா விட்டா நிச்சயமா மிஞ்சாது."

நாற்காலி இழுபடும் சத்தம். வயதான மனிதர் குனியும்போது வரும் முனகல். "ஐயா? ஐயா, இருக்கீங்களா?" என்று அந்தப் பாசக் குரல். யும்னாவின் விரல் விசைமேல் காத்திருந்தது.

டக்.

"இப்ப!" என்றாள் தாரணி. யும்னா அமுக்கினாள். திரையில் மருதப்பன் என்ற பெயர் மறைந்தது.

"பிடுங்கிட்டேன்மா," என்றார் அப்பா. "அந்தக் கோடு நின்னுபோச்சு."

பின்னாலிருந்த குரல் இப்போது வேறு ஏதோ கத்தியது. பாசமெல்லாம் போயிருந்தது. பிறகு அதுவும் அறுந்துபோனது.

"என்னைக் கெட்ட வார்த்தையில திட்டுறாம்மா," என்றார் அப்பா, நம்ப முடியாதவராக. "கிழட்டு நாயேங்கிறான். நேத்து வரைக்கும் ஐயான்னு கூப்பிட்டவன்."

"கம்ப்யூட்டரைத் தொடாதீங்கப்பா. ஆஃப் பண்ணாதீங்க. கவி வந்துக்கிட்டே இருக்கா. நான் வந்துடுறேன்."

அழ நேரமில்லை. வெளியிலிருந்து வரும் வழி அடைபட்டதே தவிர, உள்ளே வந்து உட்கார்ந்திருந்தவை அப்படியேதான் இருந்தன. ஒரு மணிக்கு அவை யாருடைய உத்தரவும் இல்லாமலே எழுந்திருக்கும். தாரணியின் கணக்கை யும்னா இப்போது முடக்கிவிட்டாள்.

யும்னா தன் நாற்காலியை விட்டு எழுந்தாள். "இதுல உக்காருங்க. என் பேருல திறந்து தர்றேன். ஒவ்வொரு வரியும் நான் பாத்து சரின்னு சொன்ன பிறகுதான் நீங்க என்டர் தட்டணும்."

"என்னை நம்புறீங்களா யும்னா?"

"அதை ஒரு மணிக்கு மேல யோசிக்கிறேன். இப்ப உங்க அளவுக்கு வேகமா இதைச் செய்யறவங்க வேற யாரும் எங்கிட்ட இல்ல."

வந்தவன் எந்த முறையில் பரப்பினானோ அதே முறையில்தான் துரத்தவும் வேண்டியிருந்தது. இங்கிருந்து ஒரு கட்டளை. கிடங்கின் கணினிகளில் ஒளிந்திருப்பதை நிறுத்து, அழி, ஆன்டிவைரஸை மறுபடி எழுப்பு. முதலில் ஒரே ஒரு லேபிள் கணினியில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். போயிற்று. பிறகு மொத்தத்துக்கும். யும்னா தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வோர் எழுத்தையும் படித்தாள். அவள் மூச்சு தாரணியின் காதருகே கேட்டது.

திரையில் வரிசை வரிசையாகப் பச்சை விழுந்துகொண்டே வந்தது. ஒரே ஒரு வரி மட்டும் பச்சையாகவில்லை.

"குளிரறை," என்றாள் தாரணி. "பதில் சொல்ல மாட்டேங்குது."

யும்னா வாக்கிடாக்கியைப் பறித்தாள். "ஜாஃபர்! கோல்ட் ரூம் கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?"

கிடங்கு மேற்பார்வையாளர் ஜாஃபரின் குரல் கரகரத்தது. "உறைஞ்சுபோய் நிக்குது மேடம். மவுஸே நகரல."

"கம்ப்யூட்டர் பவரை இழுத்துடுங்க. ஆளுக்கு ஒரு தெர்மாமீட்டர் எடுத்துக்கிட்டு உள்ள போங்க. மருந்துப் பெட்டிகளைக் கையாலயே அளந்துக்கிட்டு இருங்க. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்."

"ஓகே மேடம்... இழுத்தாச்சு."

ஒரு மணி ஆனது. இருவரும் கண்ணாடித் தடுப்பு வழியாகக் கீழே கிடங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லேபிள் இயந்திரம் ஒன்று தன்பாட்டுக்கு அச்சடித்துக்கொண்டிருந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பின்னோக்கி வந்து திரும்பியது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரு மணி கடந்து போனது.

யும்னா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். மூடியபடியே சொன்னாள்: "நான் இல்லாதப்ப அந்த வரியை நீங்க அழிச்சிருக்கலாம்."

"ஆமா."

"நீங்க அழிக்கலங்கறதை ரிப்போர்ட்ல எழுதுவேன். ஆனா..." கையை நீட்டினாள். "உங்க பாஸைக் குடுங்க தாரணி. விசாரணை முடியற வரைக்கும். வேற வழி இல்ல எனக்கு."

தாரணி கழுத்திலிருந்த அடையாள அட்டைப் பட்டியைக் கழற்றிக் கொடுத்தாள். பாதுகாவலர் ஒருவர் வாசல் வரை கூடவே நடந்து வந்தார். அவளுக்குத் தெரிந்த மனிதர்தான். அன்று அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே நிதீஷ் காருடன் காத்திருந்தான். இத்தனை நேரமும் அங்கேயே இருந்திருக்கிறான். "சாப்பிட்டீங்களா அக்கா?" என்றான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் தாரணிக்கு ஏனோ உடம்பு கூசியது. தலையை மட்டும் ஆட்டினாள்.

மார்சிலிங் வீட்டில், மாலை வெயில் ஹாலில் விழுந்த நேரத்தில், கணினி இருந்த மேசை காலியாகக் கிடந்தது. போலீஸ் அதிகாரிகள் இருவர் வந்து மரியாதையாகவே பேசி, கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப் போயிருந்தார்கள். பழைய டிஸ்க்கில் இருப்பதைப் பிரதி எடுக்க முடிந்தால் தருகிறோம் என்று சொன்னார்களாம். முடியும் என்று சொல்லவில்லை.

சேலைப் பை பிரிக்கப்படாமல் சோபாவின் மூலையில் இருந்தது. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தாரணி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். நிதீஷ் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கவிப்ரியா பக்கத்தில் நின்றான்.

"உன் வேலையைக் கெடுத்துட்டேம்மா," என்றார் அப்பா.

"நீங்க கெடுக்கலப்பா. உங்களை வச்சுக் கெடுத்திருக்கான். முதல்ல நீங்க கூப்பிட்டீங்களா, அவன் கூப்பிட்டானா?"

"அவன்தான். பத்து நாள் இருக்கும். பழைய படம், குரல் எல்லாம் மீட்டுத் தர்ற கம்பெனின்னான். ரொம்பத் தன்மையாப் பேசினான். நேரம் பாத்துத்தான் வேலை செய்வான். வீட்டுல யாராச்சும் இருந்தா லைன் மெதுவாயிடும், தனியா இருக்கிறப்ப செய்யலாம்னு சொல்லுவான்."

"அதனாலதான் இன்னைக்கு முட்டி வலின்னு சொல்லிட்டு இருந்துட்டீங்களா?"

அப்பா தலை குனிந்தார். "அவன்தான் சொல்லச் சொன்னான். சனிக்கிழமை பொண்ணுங்க ரெண்டு பேரும் சேலை எடுக்கத் தேக்காவுக்குப் போயிடுவாங்க, நீங்க போகாதீங்க, அன்னைக்கு முடிச்சுத் தந்துடுறேன்னான்."

"நாங்க சேலை எடுக்கப் போறதையெல்லாம் அவன்கிட்ட சொன்னீங்களா?"

"நான் எங்கம்மா சொன்னேன்? எனக்கே நீங்க வெள்ளிக்கிழமைதானே சொன்னீங்க. அவன் புதன்கிழமையே சொன்னான். நம்ம பொண்ணுங்க என்கிட்ட மட்டும் சொல்லாம வச்சிருக்காங்களேன்னு எனக்குக்கூடக் கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு."

தாரணியின் மனம் அப்படியே நின்றது.

கணினியின் மைக் வழியாக ஹாலில் பேசுவதை அவன் ஒட்டுக்கேட்டிருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் அவள் முயன்றாள். ஆனால் சனிக்கிழமை போகலாம் என்று முடிவானது ஹாலில் அல்ல. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கோயிலிலிருந்து திரும்பும் வழியில், அக்காவும் தங்கையும் அழுது சமாதானமான அந்த நேரத்தில் முடிவானது. அப்பாவுக்குக் கடைசியில் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று கவிப்ரியா சொல்ல, வெள்ளிக்கிழமை வரை வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முடிவானது ஒரு காருக்குள். காரில் இருந்தது மூன்று பேர். பின் இருக்கையில் அவர்கள் இருவரும். ஓட்டிக்கொண்டிருந்தது...

அவள் மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

நிதீஷ் அப்பாவின் தோள்மேல் கை வைத்து, "விடுங்க மாமா, இதெல்லாம் யாருக்கும் நடக்கிறதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். குரலில் எந்தக் குறையும் இல்லை.

கவிப்ரியா அவனைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த களைப்பு கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாறியது.

"அக்கா," என்றாள், "நீ ஏன் அவரையே பாக்குற?"